துணை இல்லாத காலுறைகள்

வால்பரைசோவில் ஆகஸ்ட் மாதம்
துணி காய்வதில்லை.
கொர்டிலேரா குன்றின் கொடிகளில்
நாலு நாள் தொங்கிய சட்டைகள்
கடலின் வாடையைக் கற்றுக்கொண்டு
வீட்டுக்குள் வருகின்றன.

இந்த ஒரு தகவலை வைத்து
நோல்ஃபா கத்ரிலேயோ கடன் வாங்கினாள்.
இரண்டு உலர்த்திகள், ஒரு நீள மேசை,
மீன்கடையாக இருந்த ஓர் அறை
(மழை நாளில் இன்னும் மத்தி நாறும்).

நான் அவளை ஆராய வந்தவன்.
முனைவோரை ஆராய்ந்தால் முனைவர் பட்டம்.
ஒரே கத்திதான்:
அவள் கையில் கூர், என் கையில் பிடி.

"என்ட்ரோபி என்றால்?" என்று கேட்டாள்,
போர்வையின் இரு நுனிகளை என்னிடம் தந்தபடி.
மடித்துக்கொண்டே சொன்னேன்:
கலைந்து கிடக்க ஆயிரம் வழி,
மடிந்து கிடக்க ஒன்றிரண்டு.
விட்டால் எதுவும் ஆயிரத்தின் பக்கம் சாயும்.
"இதற்கு நீ படித்திருக்க வேண்டாம்,
எனக்கு மூன்று பையன்கள்" என்றாள்.

முதல் குளிர்காலத்தை ஆய்வேட்டில் இப்படி எழுதினேன்:
வெளியே ஈரம், உள்ளே உலர்வு,
லாபம் அந்த இடைவெளி.
வெந்நீருக்கும் தண்ணீருக்கும் நடுவில்தான்
எந்த எஞ்சினும் ஓடும்.
ஒரு கூடைக்கு நாலாயிரம் பெசோ.
முதலில் வந்தது மட்டுமே அவளுடைய முதல்.
வரிசை படிக்கட்டு வரை நின்றது.

அந்த வரிசையை ஊர் பார்த்தது.
தெரியாத செய்திக்குத்தான் விலை.
தெரிந்துவிட்டால் அது வெறும் வானிலை.
அடுத்த குளிருக்குள் அதே குன்றில்
இன்னும் மூன்று உலர்த்தகங்கள்.
நாலாயிரம் மூவாயிரமாகி, ஆயிரத்து எண்ணூறாகி
எல்லாக் கடைகளும் ஒரே வெதுவெதுப்பில் நின்றன.
வெதுவெதுப்பில் எதுவும் நகராது.

என் வளைகோடு இதை முன்பே சொல்லியிருந்தது.
சொல்லக் கூச்சம்தான், உள்ளூர மகிழ்ந்தேன்.
வரும் மே மாதம் மூடுவாள் என்று
அடிக்குறிப்பில் எழுதி வைத்தேன்.

ஜூலையில் போனேன்,
மூடிய கதவைப் படமெடுக்க.

திறந்திருந்தது. உள்ளே ரொட்டி வாசனை.

உலர்த்தியின் சூட்டைத்
தெருவுக்குத் தள்ளும் தகரக் குழாய்.
என் வரைபடத்தில் அதற்கு ஓர் அம்பு போட்டு
'இழப்பு' என்று எழுதியிருந்தேன்.
அதைச் சுவர் துளைத்துத் திருப்பி
அடுத்த வீட்டு பேக்கரியில்
மாவுத் தட்டுகளுக்குப் பின்னால் ஓட விட்டிருந்தாள்.
குளிரில் பொங்க மறுத்த ஓனோஃப்ரேயின் மாவு
இப்போது விடிகாலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறது.
மாதாமாதம் வாடகை தருகிறான்,
காற்றுக்கு.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது
நெல்லைக் காத்தவன் சொன்னது.
இவள் பதரை விற்றாள்.

விதியை வென்றாள் என்று எழுதமாட்டேன்.
குழாயின் மூட்டில் துரு.
பஞ்சுத் தூசு அடைத்து ஒரு நாள் புகைந்ததாம்.
இடது தோளை உயர்த்த வரவில்லை அவளுக்கு.
தூக்கமும் ஏதோ ஒரு குழாய் வழியே
தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
உள்ளே இத்தனை மடிப்பு இருந்தால்
வெளியே எங்கோ அதைவிட அதிகம் கலைசல்.
எங்கே என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லாவுக்குக் கீழே ஒரு பிரம்புக் கூடை:
மூன்று வருடமாகத் துணை வராத காலுறைகள்.
குந்தி உட்கார்ந்து எண்ணினேன், எண்பத்து ஏழு.
அந்தக் கடையில் நான் நேராக அளந்த
ஒரே சீர்குலைவு அதுதான்.
"எறிந்துவிடலாமே?"
"தேடி வருவார்கள்" என்றாள், தலை நிமிராமல்,
என் துணிப்பையை மேசை மேல் தள்ளி.

அறைக்கு வந்து பையைப் பிரித்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒன்று குறைந்தது.

எண்பத்து எட்டு என்று திருத்தினேன்.